பைன்போனில் வரைபடம்: இடம் ஒதுக்குவது முதல் வழி தேடுவது வரை

என் பைன்போனில் (லினக்ஸில் ஓடும் போன்) இந்தியா முழுவதற்குமான வரைபடத்தை முதன்முறை இறக்கியபோது, பாதியிலேயே உள்நினைவகம் நிரம்பிவிட்டது. நான் கவனிக்கவில்லை. போன் மந்தமானதும் அணைத்துப் போட்டேன். திரும்பப் பூட்டுத்திரை வந்தது. கடவு எண்ணைப் போட்டால் திரை ஒரு நொடி கறுத்து மறுபடி அதே பூட்டுத்திரை. உள்ளே போய் எதையாவது அழிக்கலாம் என்றால், உள்ளேயே போக முடியவில்லை. என் ஹோம் ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பு எழுதக்கூட இடம் இல்லாததால் திரைச்சூழல் தொடங்க முடியாமல் விழுந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பிறகுதான் வேலையை வேறு வரிசையில் செய்யத் தொடங்கினேன். லினக்ஸ் போனில் அதிக இடம் பிடிப்பது பெரும்பாலும் வரைபடம்தான். அது எங்கே குடியிருக்கப்போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம்தான் வழிகாட்டும் செயலி, அதற்கும் அப்புறம் ஜிபிஎஸ். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

நான் வைத்திருப்பது பைன்64 நிறுவனத்தின் பைன்போன், 2 ஜிபி ரேம், 16 ஜிபி உள்நினைவகம். அதில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட மோபியன், ஃபோஷ் திரைச்சூழலோடு ஓடுகிறது. 3 ஜிபி ரேம், 32 ஜிபி உள்ள கன்வெர்ஜென்ஸ் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மூச்சுவிட இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்டிருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். மென்பொருள் நிறுவ இங்கே ஆப்ட் கட்டளை வரும் இடத்தில் அங்கே ஏபிகே கட்டளை, அவ்வளவுதான். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.

இருக்கும் இடம் எவ்வளவு

டெர்மினலைத் திறந்து ‘டிஎஃப்’, ஓர் இடைவெளி, ‘-ஹெச்’ என்று அடியுங்கள். வரும் பட்டியலில் வெறும் சாய்கோடு மட்டும் உள்ள வரிதான் உங்கள் மூலப் பகிர்வு, அதாவது இயங்குதளம் இருக்கும் நினைவகப் பகுதி. பெட்டியில் 16 ஜிபி என்று போட்டிருக்க, இங்கே 15-க்கும் குறைவாகக் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 16 ஜிபி என்பது 1,600 கோடி பைட். லினக்ஸ் அதையே 1,024-ஆல் வகுத்துச் சொல்வதால் 14.9 ஆகிறது. அதற்கு மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்த பிறகும் ரூட்டால் எழுத முடிவது இதனால்தான். உள்நினைவகத்தில் இந்த ஒதுக்கீட்டைக் குறைக்காதீர்கள். என்னைப் போல மாட்டிக்கொண்டால், கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்து துடைக்க அதுதான் கைகொடுக்கும். அதற்காகவே எஸ்எஸ்ஹெச் சேவையை இப்போதே நிறுவி, ஒருமுறை வீட்டு வைஃபையில் இணைத்துச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து ‘டிஎஃப் -ஐ’. இது இடத்தைச் சொல்லாது, இன்னும் எத்தனை கோப்புகளை உருவாக்க முடியும் என்பதைச் சொல்லும். பழைய வகை வரைபடச் செயலிகள் சின்னச் சின்னப் படத்துண்டுகளாகச் சேமிப்பவை. ஒரு மாவட்டத்தை எல்லா உருப்பெருக்கத்திலும் சேமித்தால் லட்சக்கணக்கில் கோப்புகள் குவியும். ஒவ்வொன்றும் 1 கிலோபைட்டே ஆனாலும் 4 கிலோபைட் கட்டத்தில்தான் உட்காரும். இடம் காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்று போன் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். இப்போது எல்லோரும் பயன்படுத்தும், படமாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் வெக்டர் வரைபடத்தில் இந்தத் தொல்லை குறைவு. சில பெரிய கோப்புகளோடு முடிந்துவிடும்.

குப்பையைக் கூட்டுங்கள்

எது இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்க்க ‘என்சிடியூ’ போதும். டெர்மினலுக்குள்ளேயே ஃபோல்டர்களை எடை போட்டுக் காட்டும். என் போனில் எப்போதும் மூன்று பேர்தான் பிடிபடுவார்கள்.

முதலாவது ஆப்ட் இறக்கி வைத்த பொதிகள். நிறுவி முடித்த பிறகும் அவை சில நேரம் தங்கிவிடும். ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கொடுத்தால் போய்விடும் (சூடோ என்றால் ரூட் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்). கூடவே ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுத்தால் பழைய கெர்னல்களும் கிளம்பும்.

இரண்டாவது, போனின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி எழுதும் பதிவேடு. அதன் இயல்பான வரம்பு பகிர்வின் 10 சதவீதம். நம் போனில் அது ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையோடு ‘--வேக்யூம்-சைஸ்’ சேர்த்து 100 எம்பிக்குக் குறைக்கலாம். ஆனால் அது மறுபடி வளரும். அதனால் ஈடிசி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி ஃபோல்டரில் இருக்கும் ‘ஜர்னல்டி.கான்ஃப்’ கோப்பில் ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ வரியின் முன்னால் இருக்கும் ஹேஷ் (#) குறியை எடுத்துவிட்டு 100 எம் (இந்த எம் மட்டும் பெரிய எழுத்து) என்று எழுதிவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

மூன்றாவது, பெரிய ஆள்: ஃபிளாட்பேக், ஆப்ட் போலவே செயலிகளை நிறுவும் இன்னொரு வழி. ஒரு சின்னச் செயலியை நிறுவினாலும் அது நிற்பதற்கு ரன்டைம் என்ற அடித்தளத் தொகுப்பு வேண்டும்; அது நூற்றுக்கணக்கான எம்பி. செயலி புதுப்பதிப்புக்கு மாறும்போது புதிய ரன்டைம் வரும், பழையது அப்படியே கிடக்கும். ‘ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு’ என்ற கட்டளையை மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். நான் முதன்முறை ஓட்டியபோது திரும்பக் கிடைத்த இடம், என் படங்கள் எல்லாம் சேர்ந்து பிடித்த இடத்தைவிட அதிகம்.

மெமரி கார்டு: வரைபடத்தின் வீடு

எவ்வளவு துடைத்தாலும் 16 ஜிபியில் இயங்குதளம், செயலிகள், படங்கள், வரைபடம் எல்லாம் நிம்மதியாக இருக்க முடியாது. வரைபடத்தைக் கார்டுக்கு அனுப்புவதுதான் சரி. பின்மூடியைக் கழற்றினால் சிம் செருகும் இடமும் கார்டு செருகும் இடமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலே இருப்பது கார்டுக்கு.

64 ஜிபி கார்டு தாராளமாகப் போதும். வாங்கும்போது ஏ1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் நொடிக்கு இத்தனை எம்பி என்ற எண், நீளமான வீடியோவை எழுதத்தான் உதவும். வரைபடச் செயலி ஒரு ஊரைத் தேடும்போது பெரிய கோப்புக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரம் இடங்களில் சின்னச் சின்னதாகப் படிக்கிறது. அந்த வகைப் படிப்புக்கு நொடிக்கு 1,500 முறையாவது ஈடுகொடுக்கும் என்ற உறுதிதான் ஏ1. ஏ2 இன்னும் வேகம் என்பார்கள். ஆனால் அந்த வேகம் வெளிவரக் கார்டைப் படிக்கும் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். இந்தப் போனுக்கு அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. ஒரு கடையில் 128 ஜிபி என்று வாங்கினேன். கணினியும் 128 என்றே காட்டியது. ‘எஃப்3’ என்ற கருவியால் முழுக் கார்டிலும் எழுதித் திரும்பப் படித்தபோது, முதல் 7 ஜிபிக்குப் பிறகு எழுதியது எதுவும் இல்லை. எழுதும்போது எந்தப் பிழையும் வராது, படிக்கும்போதுதான் தெரியும். வரைபடம் பாதி நிலத்தைக் காட்டி மீதியை வெறுமையாகக் காட்டினால் செயலியைச் சந்தேகிப்போம், கார்டைச் சந்தேகிக்க மாட்டோம். அதனால் புதுக் கார்டை ‘எஃப்3ரைட்’, ‘எஃப்3ரீட்’ இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனில் செருகுங்கள். சில மணி நேரம் ஆகும். கணினியில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அடுத்து கோப்பு முறைமை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வரும், சிறியவை ஃபேட்32-இல். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இரண்டிலுமே லினக்ஸின் உரிமையாளர், அனுமதி விவரங்கள் நிற்காது. இந்தக் கார்டு போனிலேயே இருக்கப்போகிறது என்பதால் எக்ஸ்ட்4 ஆக மாற்றிவிடுங்கள். போனின் சின்னத் திரையில் இதைச் செய்வதைவிட, கார்டு ரீடரில் போட்டு லினக்ஸ் கணினியில் செய்வது எளிது.

ஒரு விஷயத்தை இங்கே நின்று சொல்ல வேண்டும். பைன்போன் தொடங்கும்போது முதலில் கார்டைத்தான் பார்க்கும். அதில் இயங்குதளம் இல்லையென்றால்தான் உள்நினைவகத்துக்கு வரும். அதாவது கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி ஒரு தொடக்க நிரல் இருக்கிறதா என்று பார்க்கிறது. முன்பு ஏதாவது இயங்குதளம் எழுதிச் சோதித்த கார்டை எடுத்து வெறுமனே பகிர்வை மட்டும் மாற்றி ஃபார்மேட் செய்தால், முதல் பகிர்வு 1 எம்பிக்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால் அந்தப் பழைய நிரல் அழியாமல் தங்கிவிடக்கூடும். போன் அதைப் பிடித்துக்கொண்டு, தேடும் இயங்குதளம் கிடைக்காமல் கறுப்புத் திரையில் நிற்கும். போன் செத்துவிட்டது என்று பயந்துவிடுவோம். கார்டைக் கழற்றினால் சரியாக எழும். எனவே பழைய கார்டு என்றால் முதல் 10 எம்பியைச் சுழியத்தால் நிரப்பிவிட்டு, அப்புறம் பகிர்வு உருவாக்குங்கள். ‘டிடி’ கட்டளையால் இதைச் செய்வதற்கு முன் ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்து, அளவை வைத்து எது கார்டு என்று இரண்டு முறை பாருங்கள். பெயரை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள். 64 ஜிபி கார்டு அங்கே 60-க்குச் சற்றுக் குறைவாகத் தெரியும்.

ஃபார்மேட் முடிந்ததும், முன்பு சொன்ன 5 சதவீத ஒதுக்கீட்டைக் கார்டில் நீக்கிவிடலாம். தரவு மட்டும் இருக்கும் இடத்துக்கு அது தேவையில்லை. ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளையில் ‘-எம் 0’ கொடுத்தால் 64 ஜிபி கார்டில் 3 ஜிபி திரும்பக் கிடைக்கும்.

கார்டைப் போனோடு நிரந்தரமாகச் சேர்ப்பது

கார்டைச் செருகியதும் ஃபோஷ் தானாக இணைத்துக்கொள்ளும். ஆனால் நாம் உள்ளே நுழைந்த பிறகுதான் இணைக்கும், எந்த வழியில் இணைக்கும் என்பதும் கார்டின் பெயரைப் பொறுத்தது. வரைபடச் செயலிக்கு மாறாத முகவரி வேண்டும்.

ஹோம் ஃபோல்டருக்குள் ‘மேப்ஸ்’ என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். கார்டை இணைக்கும் முன்பே, அந்தக் காலி ஃபோல்டருக்கு ‘சூடோ சிஹெச்ஆட்டர் +ஐ’ கொடுத்துப் பூட்டிவிடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

இப்போது க்னோம் டிஸ்க்ஸ் செயலியைப் போனில் நிறுவி, போனைக் குறுக்காகப் பிடித்துத் திறங்கள். கார்டின் பகிர்வைத் தேர்ந்து, பல்சக்கரக் குறியில் ‘எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ போங்கள். இயல்புநிலைத் தேர்வை அணைத்தால் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். இணைக்கும் இடமாக அந்த மேப்ஸ் ஃபோல்டரின் முழுப் பாதையையும், அடையாளமாக யூயூஐடியையும் கொடுங்கள். விருப்பங்கள் வரிசையில் ‘நோஃபெயில்’ என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கூடவே ‘நோஏடைம்’ சேருங்கள். கோப்பைப் படித்த நேரத்தை எழுதி வைக்கும் பழக்கத்தை அது நிறுத்தும், கார்டுக்கு ஆயுள் கூடும். இந்தச் செயலி செய்வதெல்லாம் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு வரி சேர்ப்பதுதான். பழகியவர்கள் நேரே அதைத் திருத்தலாம்.

நோஃபெயில் ஏன் இவ்வளவு முக்கியம்? அது இல்லாமல் கார்டைக் கழற்றிவிட்டுப் போனைத் தொடங்கினால், இல்லாத கார்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். கணினியில் அது பரவாயில்லை, விசைப்பலகை இருக்கிறது. போனில் அந்த நிலையில் தொடுவிசைப்பலகை வராது. அடிக்க ஒன்றுமில்லாமல் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆனால் நோஃபெயிலுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கார்டு தளர்ந்து இணையாமல் போனாலும் போன் ஒன்றும் சொல்லாமல் எழும். மேப்ஸ் ஃபோல்டர் காலியாகத் தெரியும். வரைபடச் செயலி ‘எதுவுமே இல்லையே’ என்று எல்லாவற்றையும் மறுபடி இறக்கத் தொடங்கினால், அது போய் விழுவது உள்நினைவகத்தில். என் முதல் விபத்து அப்படியே திரும்ப நடக்கும். அந்தக் காலி ஃபோல்டரைப் பூட்டச் சொன்னது இதற்காகத்தான். பூட்டிய ஃபோல்டருக்குள் யாராலும் கோப்பு உருவாக்க முடியாது. அதன்மேல் கார்டை இணைக்க மட்டும் தடையில்லை.

‘சூடோ மவுன்ட் -ஏ’ கொடுத்துப் பிழை எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, ‘சிஹெச்ஓன்’ கட்டளையால் கார்டின் உரிமையை உங்கள் பயனர் பெயருக்கு மாற்றுங்கள். புதிதாக ஃபார்மேட் செய்த எக்ஸ்ட்4 பெரும்பாலும் ரூட்டுக்குச் சொந்தமாகவே இருக்கும். அப்புறம் போனை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, ‘டிஎஃப் -ஹெச்’ பட்டியலில் கார்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வீடு தயார்.

ப்யூர் மேப்ஸும் ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வரும்

க்னோம் மேப்ஸ் அழகாக இருக்கும்; ஆனால் வரைபடத்தை இணையத்திலிருந்துதான் எடுக்கும். ஆர்கானிக் மேப்ஸில் இந்தியாவை மாநிலம் மாநிலமாக இறக்கலாம். தமிழ்நாடு மட்டும் போதும், பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் அதன் லினக்ஸ் பதிப்பு கணினித் திரைக்கென்று செய்தது. வண்டியில் வழி சொல்ல நான் நம்புவது ப்யூர் மேப்ஸையும், அதற்குப் பின்னால் நிற்கும் ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வரையும். இரண்டும் லினக்ஸ் போனுக்கென்றே எழுதப்பட்டவை, கட்டற்ற மென்பொருள்கள், ஃபிளாட்பேக் செயலிகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்தில் இருக்கின்றன.

ஏன் இரண்டு? ப்யூர் மேப்ஸ் வெறும் முகம். திரையில் வரைவது, திருப்பத்தைச் சொல்வது அதன் வேலை. ஸ்கவுட் சர்வர் உங்கள் போனுக்குள்ளேயே 8553 என்ற துறையில் ஓடும் ஒரு குட்டி வலைச்சேவை. முகம் கேட்கும், சர்வர் கார்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எந்தத் தெருவைத் தேடினீர்கள் என்ற விவரம் போனை விட்டு வெளியே போகாது. நான் எங்கே போகிறேன் என்பது என்னோடு இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இத்தனை பாடும் படுகிறேன்.

நிறுவியதும் உடனே ஸ்கவுட் சர்வரைத் திறந்து எதையும் இறக்க வேண்டாம். ஃபிளாட்பேக் செயலிகள் அடைப்புக்குள் இருப்பவை. வெளியிலுள்ள ஃபோல்டர் அவற்றின் கண்ணில் படாமல் போகலாம். இந்த அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீல் செயலியைத் திறந்து, ஸ்கவுட் சர்வருக்கு மேப்ஸ் ஃபோல்டரின் பாதையை அனுமதியாகச் சேர்த்துவிடுங்கள். இந்த இடத்தில் பலர் குறுக்கு இணைப்பு போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அடைப்புக்குள்ளிருந்து பார்த்தால் அந்த இணைப்பின் மறுமுனை இருக்காது, செயலி குழம்பும்.

இப்போது சர்வரைத் திறங்கள். வெக்டர் வரைபடத்துக்கான தொகுப்பைத் தேர்ந்து, சேமிக்கும் இடமாக மேப்ஸ் ஃபோல்டரைக் காட்டுங்கள். அடுத்து வரைபட மேலாளரில் வேண்டிய நிலப்பகுதியைத் தேர்ந்தால், எவ்வளவு இறங்கப்போகிறது என்று அதுவே சொல்லும். எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒரே நிலத்துக்கு மூன்று வகைத் தரவு வருகிறது: திரையில் வரைவதற்கு ஒன்று, பெயர் வைத்துத் தேடுவதற்கு ஒன்று, வழி கணக்கிடும் வல்ஹல்லா எஞ்சினுக்கு ஒன்று. இதோடு முகவரியைப் பிரித்துப் புரிந்துகொள்ள லிப்போஸ்டல் தரவு தனி. ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால், ஊர் தெரியும், தேடினால் கிடைக்காது. அல்லது தேடினால் கிடைக்கும், வழி வராது.

இறக்கம் சில ஜிபி. வைஃபையில், சார்ஜரில் மாட்டி, தானாகத் தூங்கும் அமைப்பை அணைத்துவிட்டு இரவில் விடுங்கள். போன் தூங்கினால் இறக்கமும் தூங்கும். காலையில் ‘டிஎஃப் -ஹெச்’ அடித்து, வளர்ந்திருப்பது கார்டின் எண்தான், உள்நினைவகத்தின் எண் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ப்யூர் மேப்ஸின் விருப்பங்களில் ‘ஆஃப்லைன்’ சுயவிவரத்தைத் தேர்ந்தால் அது சர்வரோடு பேசத் தொடங்கும். வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். முதல் தேடல் மெதுவாகத்தான் வரும். ஏ64 சில்லின் நான்கு கோர்களும் கார்டெக்ஸ் ஏ53 வகை, வேகத்துக்குப் பேர் போனவை இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வழி கேட்டால் பொறுமையாக இருங்கள். வேறு செயலிகளை மூடிவிட்டால் 2 ஜிபி ரேமிலும் ஓடும்.

ஜிபிஎஸ் பிடிப்பது

‘இந்தப் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் பின்னணியில் யாரோ செய்துகொடுத்த உதவி இங்கே அதே அளவுக்கு இல்லை, அதுதான் வித்தியாசம்.

பைன்போனில் ஜிபிஎஸ் தனிச் சில்லு இல்லை. குவெக்டெல் இஜி25-ஜி மோடத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்மூடிக்குள் வரிசையாக ஆறு குட்டி ஸ்விட்சுகள் இருக்கும். முதலாவது மோடத்துக்கு. அது அணைந்திருந்தால் அழைப்பும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, அமைப்புகளில் இருப்பிடச் சேவையை இயக்குங்கள்.

வீட்டுக்குள் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். மொட்டை மாடிக்குப் போங்கள். ‘சாட்டிலைட்’ என்றே பெயருள்ள ஒரு சின்னச் செயலி டெபியன் களஞ்சியத்தில் இருக்கிறது, அதைத் திறந்து போனைக் கைப்பிடிச் சுவரில் வையுங்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செயற்கைக்கோள், அதன் எதிரே சமிக்ஞை வலு 18 என்று காட்டும். பிறகு இரண்டு, மூன்று. 30-ஐத் தாண்டும் எண்கள்தான் உருப்படியானவை. 20-க்குக் கீழே உள்ளவை வந்து வந்து போகும். நல்ல வலுவோடு நான்கு சேர்ந்தால் உங்கள் இடமும் உயரமும் கிடைக்கும். நான் முதன்முறை செய்தபோது கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஏன் இவ்வளவு நேரம் என்று தெரிந்தால் எரிச்சல் வராது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. தான் எங்கே இருக்கிறேன் என்ற துல்லியமான விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்லும். மற்ற எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராய அட்டவணையையும் முழுதாகச் சொல்லி முடிக்க 12 நிமிடம் 30 நொடி. நடுவில் நீங்கள் போனைக் கையில் எடுத்து மறைத்தால், விட்டுப்போன துண்டுக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அதனால் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் அந்தத் துல்லிய விவரம் சில மணி நேரத்துக்குச் செல்லும். அதற்குள் திரும்பக் கேட்டால் நொடிகளில் வந்துவிடும்.

இந்த விவரத்தை வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வாங்காமல் இணையத்திலிருந்து ஒரே கோப்பாக வாங்கி மோடத்துக்கு ஊட்டுவதுதான் ஏ-ஜிபிஎஸ். மோபியனில் ‘இஜி25-மேனேஜர்’ என்ற சேவை இதைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கு இணையம் வேண்டும். எனவே கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் போனைக் கொஞ்ச நேரம் விழித்திருக்க விடுங்கள்.

கட்டடத்துக்குள் தோராயமான இடம்கூட வரவில்லையா? அக்கம்பக்க வைஃபைகளை வைத்து இடம் சொல்லும் மோசில்லாவின் சேவையைத்தான், செயலிகளுக்கு இருப்பிடத்தைச் சொல்லும் ஜியோக்ளூ நம்பியிருந்தது. 2024-இல் அந்தச் சேவை நின்றுவிட்டது. ‘ஜியோக்ளூ.கான்ஃப்’ கோப்பின் வைஃபை பகுதியில் இன்னும் பழைய முகவரி இருந்தால், அதை பீக்கன்டிபி முகவரிக்கு மாற்றலாம். பீக்கன்டிபி மக்கள் கூடிச் சேர்க்கும் தரவு என்பதால் ஊருக்கு ஊர் பலன் மாறும். வழி தேடுவதற்கு எப்படியும் செயற்கைக்கோள்தான்.

வண்டியில்

கொல்லிமலை ஏறும்போதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. காரவள்ளியில் மலைப்பாதை தொடங்கும் முன்பே நிறுத்தி, திறந்த வானத்தில் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் போன் சிக்னல் போய்விட்டது. வரைபடம் அசையவில்லை. சில வளைவுகளில் மரநிழல் மூடியபோது அம்புக்குறி பாதையை விட்டு விலகியது. அடுத்த வெட்டவெளியில் தானே திரும்பி வந்தது. செம்மேட்டில் இறங்கியபோது பேட்டரிதான் பாடாய்ப் படுத்தியது.

அது 3,000 எம்ஏஹெச் பேட்டரி. திரை, மோடம், வழி கணக்கிடல் மூன்றும் ஒன்றாக ஓடினால் வேகமாக இறங்கும். வண்டியில் சார்ஜர் இல்லாமல் நீண்ட பயணத்துக்கு நம்பாதீர்கள். முன்கண்ணாடிக்கு நேரே வெயிலில் மாட்டினால் போன் கொதித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி காற்று வரும் துளைக்கு முன்னால் மாட்டுவது நல்லது. ஃபோஷின் விரைவு அமைப்புகளில் ‘கஃபைன்’ பொத்தானைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுவழியில் போன் தூங்கி ஜிபிஎஸ் அறுந்துவிடும்.

தேடுவதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வரைபடங்களின் தரவு வருவது, மக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து (ஓஎஸ்எம்). அதில் பெயரை ஏற்றியவர் ‘ழ’வை எல் என்று போட்டாரா, இசட்-ஹெச் என்று போட்டாரா, கோவில் என்றா கோயில் என்றா என்பது யாருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்தில் ஒன்று கிடைக்கவில்லை என்றால் மற்ற எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், தமிழிலும் அடித்துப் பாருங்கள். கதவு எண் வைத்துத் தேடுவது இங்கே பெரும்பாலும் வீண். அந்த அளவுக்கு நம் தெருக்கள் இன்னும் பதியப்படவில்லை. நான் அருகிலுள்ள பள்ளி, கோயில், பேருந்து நிறுத்தம் எதையாவது தேடி, அங்கிருந்து விரலால் நகர்த்தி இடத்தைக் குறித்துச் சேமித்துக்கொள்கிறேன். இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் செய்துவிட்டால் வண்டியில் நிம்மதி.

வரைபடம் தப்பாக இருந்தால்

திருத்தலாம், உங்களாலேயே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்கி, உலாவியிலேயே தெருவைச் சேர்க்கலாம். தமிழ்ப் பெயருக்கென்று தனிப் புலம் இருக்கிறது, அதை நிரப்புங்கள். நேரில் போய்ப் பார்த்ததை மட்டும் சேருங்கள். வேறு நிறுவன வரைபடத்தைப் பார்த்து எழுதக் கூடாது; உரிமச் சிக்கல். சாட்டிலைட் செயலியே நீங்கள் போன தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிந்து தரும். நொடிக்கு ஒரு புள்ளி வைத்தாலும் ஒரு மணி நேரத் தடம் 1 எம்பிகூட வராது, சேமிப்பிடக் கவலை வேண்டாம். அந்தத் தடத்தைப் பின்னணியில் போட்டுக்கொண்டு வரைந்தால் மலைப்பாதைகூடச் சரியாக வரும்.

நீங்கள் செய்த திருத்தம் அந்தத் தளத்தில் சீக்கிரமே தெரியும். உங்கள் போனுக்கு வர, ஸ்கவுட் சர்வருக்கான தரவு மறுபடி தொகுக்கப்பட்டு, நீங்கள் அதைப் புதுப்பித்தாக வேண்டும். மேலாளரில் புதுப்பிப்பு இருக்கிறது என்று காட்டினால், கார்டில் சில ஜிபி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயணத்துக்கு முந்தின இரவில் புதுப்பிக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே செய்து, வைஃபையும் டேட்டாவும் அணைத்த நிலையில் நீங்கள் போகும் ஊரைத் தேடி, வழியும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.